விரிப்பின் மேல் மூன்று முறை

லிஃப்ட்காரர் என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் தெரியும். லிஃப்டை ஓட்டுகிறவர் அல்ல. நின்றுபோன லிஃப்டை ஓட வைக்கிறவர். ஆஸ்பத்திரி, ஹோட்டல், பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு, கோர்ட்டு என்று எங்கே எந்தப் பெட்டி நடுவழியில் மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் போன் வரும். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறிப் போவார். லிஃப்டைச் சரிசெய்ய வருகிறவர் லிஃப்டில் ஏறி வர முடியாதே. அந்தத் தொழிலின் தலையெழுத்து அது. போனதும் கதவிடுக்கில் வாயை வைத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் ஒரே வாசகத்தைச் சொல்வார்: "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. எதையும் தொடாம நில்லுங்க. பத்தே நிமிஷம்."

இந்த வாசகம்தான் அவருக்குக் கல்யாணமும் செய்து வைத்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கோர்ட்டு லிஃப்டில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதுகிறவள். கையில் நோட்டு இருந்தது, பென்சில் இருந்தது, செய்வதற்கு வேறு வேலை இல்லை. கதவுக்கு வெளியிலிருந்து அவர் பேசியதையெல்லாம் எழுதிவிட்டாள். நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது வெளியே வந்து, மூச்சுவிடாமல் படித்துக் காட்டினாள்: "பத்தே நிமிஷம்" ஐந்து தடவை, ஸ்பேனரைத் திட்டியது இரண்டு தடவை, நடுவில் ஒரு பெரிய கொட்டாவி. மனிதர் கிறங்கிப் போய்விட்டார். தன் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஆள் அதுவரை அவருக்கு வாய்த்ததில்லை. அவள் யார் பேசினாலும் இப்படித்தான் எழுதுவாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள், ஒரு வார்த்தை குறைக்க மாட்டாள். ஒரு முறை நீதிபதி தீர்ப்பு வாசிக்கும்போது நடுவில் தும்மிவிட்டார். அதுவும் ஏறிவிட்டது. அதை எடுத்துவிடும்படி அவரே கூப்பிட்டுச் சொல்லியும், தும்மியது தும்மியதுதான் என்று சொல்லிவிட்டாள். இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை. சமையல்கட்டில் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். குழாயை நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்று அவர் ஏழு வருடத்துக்கு முன்னால் சொன்னது அதில் தேதியோடு இருக்கிறது.

ஐம்பத்தொரு வயதில் லிஃப்ட்காரருக்குப் பறக்கும் கிறுக்கு பிடித்தது. காரணம் மைத்துனி. மனைவியின் தங்கை பல் டாக்டர். வார நாளில் பல் பிடுங்குவாள், ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பாள். அவளோடும் ரொட்டிக்கடைக்காரரோடும் தபால் ஆபீஸ் ஆள் ஒருவரோடும் சேர்ந்து ஒரு பழைய விமானத்தில் கால் பங்கு வாங்கினார். அவரைவிடப் பதினாறு வயது மூத்த விமானம். இரும்புக் குழாய்க்கூட்டின் மேல் துணியை இழுத்துக் கட்டி வண்ணம் பூசியிருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கை. பெரிய சக்கரம் இரண்டும் முன்னால், வாலுக்கடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் முகவாயை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன் பெரியப்பா ஒருவரை லிஃப்ட்காரரின் மனைவிக்கு அதன் போட்டோ ஞாபகப்படுத்தியது. அன்றிலிருந்து விமானத்துக்குப் பெரியப்பா என்றே பெயர்.

மூன்று வருடத்தில் உரிமம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆள் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அவர் ஏற்றிக்கொண்டு போக ஆசைப்பட்ட ஒரே ஆள் மைதானத்துக்கே வந்தாளில்லை. வாசல் வரை வந்து வழியனுப்புவாள், அவ்வளவுதான். அவர் பத்து நிமிடம் என்று சொன்ன எதற்குள்ளும் இனிமேல் ஏறுவதில்லை என்பது அவள் அந்த லிஃப்டிலேயே எடுத்த முடிவு. அவருக்கு இதில் உள்ளூர வருத்தம்தான். தன் வீட்டுக் கூரையை அவளோடு சேர்ந்து மேலே இருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் முட்டைக்கோஸ் சம்பவம் நடந்தது.

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு பயிற்சியைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, விசையைக் கூட்டும் பிடியை முழுக்கப் பின்னால் இழுத்துவிட வேண்டும். எஞ்சின் வெறுமனே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிடியைத் தொடக் கூடாது. இருக்கிற உயரத்தை வைத்துக்கொண்டே சறுக்கி வந்து, புல்தரையில் குறித்துவைத்த இடத்தில் இறங்க வேண்டும். மற்ற மூன்று பங்காளிகளுக்கும் இது கைவந்த கலை. லிஃப்ட்காரருக்கு மட்டும் வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்த இடத்துக்கு வெகு முன்னாலேயே உயரம் தீர்ந்துபோய், மைதானத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த முட்டைக்கோஸ் தோட்டத்தில் பெரியப்பாவை இறக்கினார். பெரியப்பாவுக்குக் கீறல் கூட இல்லை. தோட்டக்காரரிடம் வாங்கிய திட்டைத்தான் காது தாங்கவில்லை.

வீட்டில் மூச்சுவிடுவதில்லை என்ற முடிவோடுதான் வந்தார். ஆனால் சட்டைக் காலருக்குள் ஒரு இலை இருந்தது. மனைவி அதை எடுத்து மேஜை மேல் வைத்து, இது என்ன என்று கேட்டாள். விசாரணை அரை மணி நேரம் நடந்தது. கடைசியில், எஞ்சின் நின்றால் இதுதான் கதி என்று அவள் சொல்லவும் லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள, எஞ்சின அடக்கிட்டு, தொடர்ந்து மூணு தடவ சொன்ன எடத்துல எறக்கிக் காட்டறேன். நீ வேணா உன் பெட்ஷீட்ட விரிச்சு வை. அது மேலயே எறக்கறேன். அப்புறம் நீ ஏறணும். முடியலன்னா என் பங்க வித்துட்டு சும்மா கெடக்கறேன்."

பென்சில் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் அடியில் கோடு போட்டுவிட்டாள். பீரோவிலிருந்து நீலப்பூ போட்ட வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். கல்யாணப் பரிசாக வந்த நல்ல விரிப்பு அது. பழசு கொடுத்தால் அலட்சியமாக இறங்குவீர்கள் என்றாள்.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ரொட்டிக்கடைக்காரர் மறுநாளே, பங்கை விற்பதாக இருந்தால் தன் மச்சான் தயாராக இருப்பதாக ரொட்டி கட்டிக்கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

மைத்துனி பயிற்சியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாதத்தில் ஐந்து ஞாயிறு. ஒன்று முட்டைக்கோஸோடு போய்விட்டது. புல்தரையின் தொடக்கத்திலிருந்து நூறு தப்படி உள்ளே தள்ளி விரிப்பைப் போட்டார்கள். காற்றில் பறக்காமல் இருக்க, லிஃப்ட்காரரின் பழைய காலுறைகளில் மணலை நிரப்பி நான்கு மூலையிலும் வைத்தார்கள். லிஃப்ட்காரர் முன் இருக்கை, மைத்துனி பின் இருக்கை. சூத்திரம் எளிதுதான். இறங்கி வரும்போது முன்கண்ணாடியில் விரிப்பு நகராமல் ஒரே இடத்தில் நின்றால், அதன் மேல்தான் இறங்கப்போகிறோம். கண்ணாடியில் அது மேலே மேலே போனால் எட்டாது. கீழே நழுவித் தன்னை நோக்கி வந்தால், தாண்டிப் போகப்போகிறோம் என்று அர்த்தம். தாண்டுவதுபோல் இருந்தால் ஒரு இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் சறுக்கி உயரத்தைக் கொட்டிவிடலாம். எட்டாமல் போனால்தான் செய்ய ஒன்றுமில்லை.

லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. இருபத்தெட்டு வருடமாக அவர் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மின்சாரம் போனால் பிரேக் கவ்வ வேண்டும், பெட்டி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். விசை இல்லாமல் ஒரு பெட்டி கீழே போனால் அது விபத்து. மறுநாள் பேப்பரில் வரும். அதனால் எஞ்சின் அடங்கிய மறுகணமே அவர் பெரியப்பாவை வானத்தில் நிறுத்தப் பார்த்தார். மூக்கை மேலே தூக்கினார். மூக்கு மேலே போனால் வேகம் போய்விடும். வேகம் போனால் விமானம் பறப்பதை நிறுத்திக்கொள்ளும்.

"அத்தான், மூக்கக் கீழ விடுங்க," என்றாள் மைத்துனி. என்ன கோபம் வந்தாலும் அக்காள் புருஷனிடம் மரியாதை குறையாத பெண் அவள்.

"கீழ விட்டா கீழ போயிடுமே."

"அதுக்குத்தான் அத்தான் வந்திருக்கோம்."

மூக்கைக் கீழே விடக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிறு ஆயிற்று. அடுத்த ஞாயிறு இடது கையோடு போராட்டம். நிலம் நெருங்க நெருங்க அந்தக் கை தானாகவே விசைப்பிடியைத் தேடிப் போய்த் தள்ளிவிடும். எஞ்சின் உறும, பெரியப்பா விரிப்பைத் தாண்டி மிதந்து போவார். பதினோரு தடவை இப்படி. பன்னிரண்டாவது தடவை பல் டாக்டருக்குப் பொறுமை போயிற்று. அவர் காதுக்குப் பின்னால் குனிந்து, பல் பிடுங்கும்போது பேசுகிற குரலில் சொன்னாள்:

"பயப்படாதீங்க அத்தான், ஒண்ணும் ஆகாது. எதையும் தொடாம இருங்க."

தன் வாசகத்தைத் தன்னிடமே யாராவது சொல்லி அவர் கேட்டதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அது வேலை செய்தது. இத்தனை வருடம் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஏன் அதைக் கேட்டு அடங்கினார்கள் என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா சறுக்கி வந்து, விரிப்பின் ஓரத்தில் மூன்று சக்கரத்தையும் ஒன்றாக வைத்தார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் லிஃப்ட்காரர் பாட்டே பாடினார். நான்காவது ஞாயிறு இரண்டு தடவை தொடர்ந்து விரிப்பின் மேல் விழும், மூன்றாவது தப்பும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நாள் முழுக்க அப்படியே போயிற்று.

மாதத்தின் கடைசி ஞாயிறு மனைவியும் வந்தாள். வேறு யார் சொன்னாலும் எழுத முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். மடக்கு நாற்காலி, தொப்பி, நோட்டு, சீவிய பென்சில் நான்கு. விரிப்புக்குப் பக்கவாட்டில் முப்பது தப்படி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோர்ட்டில் தூக்குத் தண்டனை வாசித்தாலும் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். தன் பங்கு கைவிட்டுப் போக வேண்டும் என்றுதான் இவள் வந்திருக்கிறாள் என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

முதல் தடவை விரிப்பின் நடுவில் விழுந்தது. எழுதினாள். இரண்டாவது தடவை ஒரு காலுறையை நசுக்கிக்கொண்டு விழுந்தது. அதையும் எழுதினாள்.

மூன்றாவது தடவைக்கு ஏறும்போது எதிர்க்காற்று கொஞ்சம் எழும்பியது. விரிப்புக்கு நேராக வந்ததும் லிஃப்ட்காரர் விசையை இழுத்தார், இடது கையைத் தொடைக்கு அடியில் செருகினார், பெரியப்பாவைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். விரிப்பு கண்ணாடியில் அசையாமல் நின்றது. ஆனால் காற்று இருந்ததால் பெரியப்பா வழக்கத்தைவிட மெதுவாக, வழக்கத்தைவிடத் தாழ்ந்து வருவதுபோல் கீழே இருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது. ரொட்டிக்கடைக்காரர் இரைந்தே சொன்னார், இந்த முறை எட்டாது, மறுபடி முட்டைக்கோஸ்தான் என்று.

அதற்கப்புறம் நடந்தது லிஃப்ட்காரருக்கு விளங்கவே இல்லை. அசையாமல் நின்ற விரிப்பு திடீரென்று கண்ணாடியில் கீழே நழுவ ஆரம்பித்தது. நழுவி நழுவித் தன்னை நோக்கி வந்தது. தாண்டிப் போகப்போகிறோம் என்று நினைத்தார். பதறிப்போய் இறக்கையைச் சாய்த்து, மூக்கைத் திருப்பி, இருந்த உயரத்தையெல்லாம் கொட்டினார். விரிப்பு இன்னும் நழுவியது. இன்னும் கொட்டினார். நிமிர்த்தி மூக்கைத் தூக்கியபோது எதிரில் வானம் மட்டுமே தெரிந்தது. பெரியப்பா புல்தரையின் தொடக்கத்திலேயே, வேலிக்கு இந்தப் பக்கம் பத்துத் தப்படியில், பொத்தென்று உட்கார்ந்தார்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தபோது, ஐம்பது தப்படி தள்ளி, ஓடுபாதை நடுவில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தொப்பி இல்லை, செருப்பு இல்லை. இரண்டு கையிலும் நீலப்பூ விரிப்பின் ஒரு ஓரம். பின்னால் புல்லில் காலுறைகள் மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தன.

மைத்துனி முதலில் அக்காளையும் பிறகு காலுறைகளையும் பார்த்தாள். விஷயத்தைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு விமானத்தின் மேல் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ சும்மா ஒக்காந்திருந்தா சரியா அது மேலயே விழுந்திருப்பாருக்கா."

அக்காளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு எட்டாமல் போய்விடும் என்று நினைத்து, எட்டுகிற இடத்துக்கு விரிப்பை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். நீதிபதியின் தும்மலைக்கூட விட்டுக்கொடுக்காதவள். இத்தனை நாளும் இவள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தோமே என்று லிஃப்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வாக்கு வாக்குதான்.

"மூணாவது விழல," என்றார். "சொன்னபடி பங்க வித்துடறேன்."

ரொட்டிக்கடைக்காரர் மச்சானுக்குப் போன் போட நகர்ந்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்; அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் நாற்காலிக்குத் திரும்பிப் போய், நோட்டை எடுத்து எழுதினாள். எழுதியதை வழக்கம்போல் படித்துக் காட்டினாள். மூன்றாவது முயற்சியின்போது சாட்சி எழுந்து ஓடிக் குறுக்கிட்டதால் அந்த முயற்சி செல்லாது; இன்றைக்கே மறுபடி நடத்தப்பட வேண்டும். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சரி, நீ அங்கயே ஒக்காரு, நான் மறுபடி போயிட்டு வரேன்," என்றார் லிஃப்ட்காரர்.

"வேணாம்," என்றாள். "நான் கீழ இருந்தா என் கை சும்மா இருக்காது. நானும் வரேன்."

மைத்துனி பின் இருக்கையை விட்டுக்கொடுத்தாள். அதில் உட்கார்ந்து பார்த்தால் அக்காளுக்கு ஜன்னல் எட்டவில்லை. பல் டாக்டர் நல்ல உயரம், அக்காள் குள்ளம். இறங்கினாள். விரிப்பைத் தூசி தட்டி நான்காக மடித்தாள், மறுபடி நான்காக மடித்தாள், இருக்கையில் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். குறி தெரிய வேண்டாமா என்று லிஃப்ட்காரர் கேட்டார். காலுறைகள் இருக்கின்றனவே, பார்த்து இறங்குங்கள் என்றாள்.

மேலே போனார்கள். அவர் பெரியப்பாவை வீட்டுப் பக்கம் திருப்பிக் கூரையைக் காட்டினார். இரைச்சலில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை; குழாயைப் பற்றி இருக்கலாம். திரும்பி வந்து, காலுறைகளுக்கு நேராக விசையை இழுத்தார். எஞ்சின் அடங்கியது. திடீரென்று காற்றின் சத்தமும் பின்னால் அவள் மூச்சுவிடும் சத்தமும் மட்டும் கேட்டன. அந்த மூச்சு கோர்ட்டு லிஃப்டில் கதவிடுக்கு வழியாக ஒரு தடவை கேட்ட மூச்சு என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது," என்றார், வாய்ப் பழக்கத்தில் கட்டிய மனைவிக்கே மரியாதை போட்டு. "எதையும் தொடாம இருங்க."

பின்னால் பென்சில் ஓடியது. "பத்தே நிமிஷம் எங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷந்தான்," என்றார். அது உண்மையாகவே ஒரு நிமிடம்தான் ஆயிற்று.

சக்கரங்கள் புல்லைத் தொட்டன, ஒரு சின்னத் துள்ளல் துள்ளின, மறுபடி தொட்டு உருண்டு நின்றன. மூக்கு வானத்தில் இருந்ததால் எங்கே இறங்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் மைத்துனி புல்லில் தப்படி போட்டு அளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து, வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு, பதிமூன்று தப்படி தாண்டிப் போய்விட்டது என்று கத்தினாள்.

பின் இருக்கையில் இருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"மூணாவது. பெட்ஷீட் மேல."

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். நீலப்பூ விரிப்பு மடித்தது கலையாமல் அவளுக்கு அடியில் இருந்தது. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கண் கலங்கிவிட்டது, ஏதாவது சொல்ல வேண்டும்போலும் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அதையும் எழுதிவிடுவாள்.